18446744073709551615: திரையில் திடீரென்று முளைக்கும் இந்த எண் எதனால் ஆனது?

ஒரு மென்பொருளில் "மீதமுள்ள கோப்புகள்" என்ற இடத்தில் சுழியோ ஐந்தோ இருக்க வேண்டும். அங்கே 18446744073709551615 என்று நிற்கிறது. தரவுத்தளக் கையேட்டைப் புரட்டினால் அங்கும் இதே எண். மைஎஸ்கியூஎல் கையேடு "இந்த வரிசையிலிருந்து கடைசி வரைக்கும் எல்லாவற்றையும் எடு" என்று கேட்பதற்கு இந்த இருபது இலக்கங்களையும் அப்படியே எழுதச் சொல்கிறது. முதல் தடவை பார்ப்பவருக்கு யாரோ விசைப்பலகையில் தாறுமாறாகத் தட்டிய எண் போலத்தான் தோன்றும். உண்மையில் ஒரு இலக்கம்கூட இதில் தற்செயல் இல்லை. இருபது இலக்க எண்கள் பொதுவாக எளிதில் பிடி கொடுக்காதவை. இது மட்டும் தாளும் பேனாவும் இருந்தால் முழுக்கப் பிரித்துக் காட்டிவிடக்கூடிய எண். அதற்குக் காரணம் இதன் அளவு அல்ல, இது கட்டப்பட்ட விதம்.

எண்ணை முதலில் வாசிப்போம்

நம் முறைப்படி காற்புள்ளி இட்டால் 1,84,46,74,40,73,70,95,51,615 என்று வரும். சொற்களில் சொல்வதென்றால் 1,84,467 கோடி கோடி, அதோடு 44,07,370 கோடி, அதோடு 95,51,615. வாயால் சொல்லிப் பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் எதுவும் விளங்கவில்லை. பத்தின் அடுக்குகளில் எழுதிக்கொண்டிருக்கும் வரை விளங்கவும் செய்யாது.

இரண்டின் அடுக்குகளுக்கு மாறினால் ஒரே வரியில் முடிந்துவிடும்: இந்த எண் 2⁶⁴ − 1. அதாவது இரண்டை 64 முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்கி, வந்ததிலிருந்து ஒன்றைக் கழித்தது. இரும எண்முறையில் எழுதினால் 64 ஒன்றுகள் வரிசையாக நிற்கும். நான்கை அடிப்படையாகக் கொண்டால் 32 மூன்றுகள். பதினாறை அடிப்படையாகக் கொண்டால், அந்த முறையின் மிகப்பெரிய இலக்கமான பதினைந்து 16 முறை வரும். எட்டை அடிப்படையாகக் கொண்டால் மட்டும் கொஞ்சம் பிசகும். 64 மூன்றால் மீதியின்றி வகுபடாததால் முன்னால் ஒரு 1, அதன் பின் 21 ஏழுகள்.

இன்னொரு வழியிலும் இதே எண் வருகிறது. 1 + 2 + 4 + 8 என்று இரட்டித்துக்கொண்டே 64 உறுப்புகளைக் கூட்டினால் விடை இதுதான். சதுரங்கப் பலகையின் 64 கட்டங்களை வைத்துச் சொல்லப்படும் பழைய கணக்கு இது. பொ.ஆ. 1000-ஐ ஒட்டி அல்-பிரூனி என்ற அறிஞர் இதைப் போட்டிருக்கிறார், அதுவும் 64 முறை இரட்டிக்காமல். 16-ஐ வர்க்கப்படுத்தினால் 256. அதை வர்க்கப்படுத்தினால் 65536. மறுபடி செய்தால் 4294967296. நான்காம் முறை செய்தால் 2⁶⁴. ஒன்றைக் கழித்தால் தீர்ந்தது. கணினியில் பெரிய அடுக்குகளைக் கணக்கிட இன்றும் கிட்டத்தட்ட இதே உத்திதான்.

1883-ல் எடுவார் லூக்காஸ் என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஹனோய் கோபுரம் என்ற புதிரை வெளியிட்டார். மூன்று கம்புகள், அவற்றில் ஒன்றில் அளவு வாரியாக அடுக்கிய வட்டுகள். பெரிய வட்டைச் சின்ன வட்டின் மேல் வைக்கக்கூடாது என்ற விதியோடு மொத்தத்தையும் வேறு கம்புக்கு மாற்ற வேண்டும். 64 வட்டுகளுக்கு ஆகும் குறைந்தபட்ச நகர்வுகள் நம் எண். நொடிக்கு ஒன்று என்று நகர்த்தினால் சுமார் 58,454 கோடி ஆண்டுகள் ஆகும். பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டுகள்தான். லூக்காஸின் பெயரை நினைவில் வையுங்கள், காரணி தேடும் இடத்தில் அவர் மறுபடி வருவார்.

கடைசி இலக்கங்களை மட்டும் பார்த்தே சொல்லக்கூடியவை

எண்ணை முழுவதும் வகுக்காமலே சில குணங்களைத் தீர்மானித்துவிடலாம்.

1. 5-ஆல் வகுபடும். கடைசி இலக்கம் 5. இரண்டின் அடுக்குகளின் கடைசி இலக்கம் 2, 4, 8, 6 என்று சுற்றும். 64 நான்கின் மடங்கு என்பதால் 2⁶⁴ ஆறில் முடியும், ஒன்றைக் கழித்தால் ஐந்து.

2. 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது. இருபது இலக்கங்களின் கூட்டுத்தொகை 87. அது மூன்றின் மடங்கு, ஒன்பதின் மடங்கு அல்ல. ஆக, காரணிகளில் 3 ஒரே ஒரு முறைதான் வரும்.

3. முழு வர்க்கம் அல்ல. ஐந்தில் முடியும் எந்த எண்ணின் வர்க்கமும் 25-ல் முடியும். இது 15-ல் முடிகிறது. ஒரு முழு வர்க்கத்துக்குச் சரியாக ஒன்று குறைவான எண் இது என்பதும் நினைவிருக்கட்டும். இந்தக் குணத்தை வைத்துத்தான் கீழே எண்ணை உடைக்கப் போகிறோம்.

4. மூன்று வர்க்கங்களின் கூட்டாக எழுத முடியாது. இதற்குக் கடைசி மூன்று இலக்கங்கள் போதும். 615-ஐ எட்டால் வகுத்தால் மீதி 7. ஆயிரம் எட்டின் மடங்கு என்பதால் முழு எண்ணுக்கும் மீதி 7-தான். எந்த முழு வர்க்கத்தை எட்டால் வகுத்தாலும் மீதி 0, 1, 4 ஆகிய மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். இந்த மூன்றிலிருந்து மூன்று எண்களை எடுத்து எப்படிக் கூட்டினாலும், எட்டின் மடங்குகளைத் தள்ளிய பிறகு, 7 வராது. 4 + 1 + 1 ஆறோடு நின்றுவிடும், 4 + 4 + 1 ஒன்பதுக்குப் போய்விடும். எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டாக எழுதலாம் என்று 1770-ல் லாக்ராஞ்சி நிறுவினார். நம் எண்ணுக்கு அந்த நான்கும் தேவைப்படுகின்றன.

எண்ணை உடைப்பது

ஒரு எண்ணைப் பகா எண்களின் பெருக்கலாக எழுதுவதே காரணிப்படுத்துதல். தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறெதனாலும் வகுபடாத, ஒன்றைவிடப் பெரிய எண் பகா எண். வகுபடுவது பற்றி ஒரு எண் தரும் எல்லாப் பதில்களும் அதன் பகாக் காரணிகளிலிருந்துதான் வருகின்றன.

இருபது இலக்க எண் என்றதும் 3, 7, 11, 13 என்று ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்கத் தோன்றும். வேண்டாம். பள்ளியில் படித்த ஒரு சூத்திரம் இருக்கிறது: இரு வர்க்கங்களின் வித்தியாசம் என்பது அவற்றின் மூலங்களின் கூட்டுத்தொகையும் வித்தியாசமும் பெருகியது. 2⁶⁴ என்பது 2³²-இன் வர்க்கம், 1 என்பது 1-இன் வர்க்கம். ஆகவே:

2⁶⁴ − 1 = (2³² + 1) × (2³² − 1)

வலப்பக்கம் இருக்கும் 2³² − 1 மறுபடியும் அதே வடிவம். அதையும் உடைக்கலாம், அதில் மிஞ்சுவதையும் உடைக்கலாம். 64 என்ற அடுக்கே இரண்டை மட்டும் பெருக்கி வந்தது என்பதால் இது கடைசிப் படி வரை தடையில்லாமல் இறங்குகிறது. முடிவில் நிற்பது:

(2³² + 1) × (2¹⁶ + 1) × (2⁸ + 1) × (2⁴ + 1) × (2² + 1) × (2 + 1)

எண்களாகச் சொன்னால் 4294967297, 65537, 257, 17, 5, 3. ஒரு வகுத்தல்கூடப் போடவில்லை, ஆறு துண்டுகள் கையில் வந்துவிட்டன. அடுக்கு பகு எண்ணாக இருந்தால் இப்படி ஏதாவது ஒரு பிளவு நிச்சயம் கிடைக்கும். அடுக்கு பகா எண்ணாக இருந்தால் இந்த வசதி கிடையாது. 2⁶¹ − 1 உடையவே உடையாது, அது ஒரு பகா எண் என்று 1883-ல் பெர்வூஷின் நிறுவினார்.

மேலே உள்ள ஆறு துண்டுகளுக்கும் ஒரு பெயர் உண்டு: ஃபெர்மா எண்கள். 2-இன் ஏதோ ஒரு அடுக்கோடு ஒன்றைக் கூட்டியவை, அந்த அடுக்கும் 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போகும். இவை எல்லாமே பகா எண்கள் என்று 1640-ஐ ஒட்டி பியர் தெ ஃபெர்மா நம்பினார், கடிதங்களில் எழுதவும் செய்தார். 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள்தான். ஆறாவதில்தான் சறுக்கல்.

641 வந்த கதை

1732-ல் ஆய்லர் 4294967297 பகா எண் அல்ல என்று காட்டினார். 641 × 6700417 என்று அது பிரிகிறது. கண்ணை மூடிக்கொண்டு வகுத்துப் பார்த்துக் கிடைத்த விடை அல்ல இது.

4294967297-ஐ ஒரு பகா எண் வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பகா எண்ணால் வகுத்து மீதி பார்க்கும் கணக்கில் 2³² என்பது −1-க்குச் சமம். அதை வர்க்கப்படுத்தினால் 2⁶⁴ என்பது 1. ஆக, இரண்டைத் திரும்பத் திரும்பப் பெருக்கிக்கொண்டு போனால் சரியாக 64-ஆவது படியில்தான் முதன்முறையாக மீதி 1 வருகிறது. ஒரு பகா எண்ணுக்கு இந்தச் சுழற்சியின் நீளம் எப்போதும் அந்த எண்ணில் ஒன்று குறைத்ததை மீதியின்றி வகுக்கும். இதுவும் ஃபெர்மா கண்டதுதான். ஆகவே தேடும் பகா எண் 64-இன் மடங்கில் ஒன்று கூட்டியதாக மட்டுமே இருக்க முடியும்.

64-இன் மடங்கோடு ஒன்று கூட்டிய எண்களில் பகா எண்களை மட்டும் எழுதினால்: 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியிலேயே கிடைத்துவிடுகிறது. ஃபெர்மாவிடம் இதற்கு வேண்டிய விதி கையிலேயே இருந்தது. ஐந்து வகுத்தல் தூரத்தில் நின்றுவிட்டாரே என்று கணித வரலாறு படிப்பவர்கள் இன்றும் வருத்தப்படுவதுண்டு.

641 வகுக்கிறது என்பதைச் சரிபார்க்கப் பெரிய வகுத்தல்கூட வேண்டாம்:

1. 641 = 5 × 2⁷ + 1. ஆகவே 641-ஆல் வகுத்து மீதி பார்க்கும் கணக்கில் 5 × 2⁷ என்பது −1.

2. இதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ என்பது 1.

3. 641 = 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. ஆகவே 5⁴ என்பது −2⁴.

4. இரண்டாம் படியில் 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ வைத்தால் −2³² என்பது 1. அப்படியானால் 2³² + 1 என்பது 0. மீதியில்லை.

சரி, 6700417 மேலும் உடையாதா? அதன் வர்க்கமூலம் 2588-ஐச் சற்றே தாண்டும். 2588 வரை உள்ள பகா எண்கள் எதுவும் வகுக்கவில்லை என்றால் அது பகா எண்தான். அந்த வரம்புக்குள் நூற்றுக்கணக்கான பகா எண்கள் இருக்கின்றன. இங்கேதான் லூக்காஸ் திரும்ப வருகிறார். 6700417-ஐ வகுக்கும் எதுவும் 4294967297-ஐயும் வகுக்கும். 1878-ல் அவர் ஆய்லரின் விதியை இறுக்கி, 4294967297-இன் காரணி 64-இன் மடங்கு அல்ல, 128-இன் மடங்கோடு ஒன்று கூட்டியதாக இருக்க வேண்டும் என்று காட்டினார். 2588-க்குள் அப்படிப்பட்ட பகா எண்கள் வெறும் ஐந்து: 257, 641, 769, 1153, 1409. இவற்றால் 6700417-ஐ வகுத்தால் வரும் மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622. ஒன்றும் சுழியில்லை. 6700417 பகா எண்.

முழு விடை இதோ:

18446744073709551615 = 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417

ஏழு பகா எண்கள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை. 7, 11, 13 போன்ற சின்ன எண்கள் இதில் இல்லாததற்கும் காரணம் மேலே சொன்ன சுழற்சிதான். நம் எண்ணை வகுக்க வேண்டுமானால் சுழற்சி நீளம் 64-ஐ வகுக்க வேண்டும். 7-க்கு இரண்டின் அடுக்குகள் 2, 4, 1 என்று மூன்று படிகளில் சுற்றுகின்றன. மூன்று 64-ஐ வகுக்காது. அதோடு 7-இன் கதை முடிந்தது.

ஏழு காரணிகள் கையில் வந்த பிறகு

வகுத்திகளின் எண்ணிக்கையை எண்ண வேண்டியதில்லை. ஒவ்வொரு பகா எண்ணையும் சேர்க்கலாம் அல்லது விடலாம். ஏழு முறை இந்த இரண்டு வாய்ப்பு, ஆக 2⁷ = 128 வகுத்திகள். அவற்றில் 15, 255, 65535, 4294967295 ஆகியவையும் அடக்கம். ஒரு பைட் என்பது எட்டு இரும இலக்கங்கள். முதலாவது அரை பைட்டில் அடங்கும் மிகப்பெரிய எண், இரண்டாவது ஒரு பைட்டில், அடுத்து இரண்டு பைட்டில், நான்கு பைட்டில். நிரல் எழுதுபவர்களுக்கு நன்றாகப் பழகிய எண்கள் இவை.

ஒரு எண்ணின் வகுத்திகளை, அந்த எண்ணை மட்டும் விட்டுவிட்டுக் கூட்டினால் அதே எண் வந்தால் அது நிறை எண். 6 அப்படிப்பட்டது: 1 + 2 + 3. நம் எண்ணின் 127 வகுத்திகளைக் கூட்டினால் அதில் சுமார் 70 சதவீதம்தான் தேறும். எனவே இது குறை எண். இவ்வளவு வகுத்திகள் இருந்தும் குறைவதற்குக் காரணம், 3-க்கும் 5-க்கும் அப்புறம் காரணிகள் சட்டென்று பெரிதாகிவிடுவது. 6700417 இந்தக் கூட்டலுக்குச் சேர்ப்பது ஒன்றுமில்லை என்றே சொல்லலாம்.

இதனோடு பொதுக்காரணி இல்லாத எண்கள் எத்தனை என்பது இதைவிடச் சுவையானது. முதல் ஐந்து ஃபெர்மா எண்களின் பெருக்கலான 4294967295-ஐ எடுத்துக்கொண்டால், அதுவரை உள்ள எண்களில் அதனோடு பொதுக்காரணி இல்லாதவை மிகச்சரியாக 2³¹, அதாவது 2147483648. பாதியைவிட அரை அதிகம், அவ்வளவுதான். 64 அடுக்குக்குப் போகும்போது 641 குறுக்கே வந்து இந்த அழகைக் கொஞ்சம் கெடுக்கிறது. விகிதம் 49.92 சதவீதமாக இறங்குகிறது.

வரையக்கூடிய பல்கோணங்கள்

கவராயமும் குறியிடாத அளவுகோலும் மட்டும் வைத்து எந்தெந்த ஒழுங்குப் பல்கோணங்களை வரைய முடியும்? 1796-ல், 18 வயதில், 17 பக்கங்கள் கொண்டதை வரைய முடியும் என்று காஸ் கண்டார். பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், அது வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாக இருந்தால் மட்டுமே வரைய முடியும். "மட்டுமே" என்ற பகுதியை 1837-ல் வான்ட்செல் நிறுவினார்.

நம் எண்ணின் ஏழு காரணிகளில் ஐந்து ஃபெர்மா பகா எண்கள். 641-ம் 6700417-ம் அல்ல. ஆகவே 128 வகுத்திகளில் இந்த இரண்டும் கலக்காதவை 32. ஒன்றை விட்டுவிட்டால் 31. இதுவரை நாம் அறிந்த, வரையக்கூடிய ஒற்றைப்படைப் பல்கோணங்கள் இந்த 31 மட்டுமே. அவற்றில் பெரியது 4294967295 பக்கங்கள் கொண்டது. ஆறாவது ஃபெர்மா பகா எண் ஒன்று கிடைத்தால் பட்டியல் நீளும். 65537-க்கு அடுத்து வரும் இருபத்தெட்டு ஃபெர்மா எண்களும் பகு எண்கள் என்று தெரிந்துவிட்டது. 65537 பக்கப் பல்கோணத்தை வரையும் முறையை எழுதி முடிக்க யோகான் ஹெர்மெஸ் பத்தாண்டுகள் செலவிட்டார். அந்தக் கையெழுத்துப் படி ஜெர்மனியின் கோட்டிங்கனில் இருக்கிறது.

இது முக்கோண எண்ணா?

1, 3, 6, 10 என்று, புள்ளிகளை முக்கோணமாக அடுக்கினால் வருபவை முக்கோண எண்கள். 3-ம் 15-ம் 2⁶⁴ − 1 போலவே "இரண்டின் அடுக்கில் ஒன்று குறைவு" வடிவம் கொண்டவை, முக்கோண எண்களும்கூட. 4095-ம் அப்படித்தான். அப்படியானால் நம் எண்?

ஒரு எண் முக்கோண எண்ணா என்று பார்க்க, அதை எட்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டி, வருவது முழு வர்க்கமா என்று பார்த்தால் போதும். நம் எண்ணுக்கு அப்படிச் செய்தால் 2⁶⁷ − 7 வருகிறது. இங்கே ராமானுஜன் நுழைகிறார். இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் 1913-ல் அவர் ஒரு கேள்வி கேட்டார்: இரண்டின் அடுக்கிலிருந்து 7-ஐக் கழித்தால் முழு வர்க்கம் கிடைப்பது அடுக்கு 3, 4, 5, 7, 15 ஆக இருக்கும்போது. வேறு ஏதாவது உண்டா? இவற்றில் கடைசியானதுதான் 32768 − 7 = 32761, அதாவது 181-இன் வர்க்கம். வேறு எதுவும் கிடையாது என்று நார்வேயில் டிரிக்வே நாகெல் 1948-ல் நிறுவினார்.

67 அந்தப் பட்டியலில் இல்லை. ஆக நம் எண் முக்கோண எண் அல்ல. இருபது இலக்க எண் ஒன்றுக்கு மட்டும் பதில் வேண்டுமானால் கணினியில் ஒரு நொடியில் பார்த்துவிடலாம்தான். இந்த வடிவத்தில் இனி எவ்வளவு பெரிய எண்ணை எழுதினாலும் பதில் "அல்ல"தான் என்பதை எந்தக் கணினியும் சொல்லாது, நாகெலின் நிறுவல் சொல்கிறது.

கணினிக்குள் இந்த எண் ஏன் முளைக்கிறது?

இன்றைய கணினிச் செயலிகள் (புராசசர்கள்) ஒரு முழு எண்ணை வழக்கமாக 64 பிட்டுகளில் வைக்கின்றன. ஒவ்வொரு பிட்டும் 0 அல்லது 1. 64-ம் 1 ஆனால் நம் எண். குறியில்லா எண்களுக்கு, அதாவது எதிர்க்குறியை அனுமதிக்காத வகைக்கு, இதுதான் உச்சவரம்பு. இதற்கு மேல் ஒன்றைக் கூட்டினால் எல்லாப் பிட்டுகளும் 0 ஆகி, மேலே வர வேண்டிய 65-ஆவது பிட் விழ இடமில்லாமல் காணாமல் போகிறது. வண்டியின் ஓட்டமானி 99999-க்கு அப்புறம் 00000 காட்டுவது போல.

இதிலிருந்து மூன்று குழப்பங்கள் பிறக்கின்றன.

1. எதிர்மறைச் சுற்று. ஒன்றைக் கூட்டினால் 0 வருகிற எண் எது? −1. ஆகவே 64 ஒன்றுகள் கொண்ட வரிசையையே −1 என்றும் வாசிக்கலாம். எதிர்க்குறியை அனுமதிக்கும் வகையில் அது −1, அனுமதிக்காத வகையில் அதுவே 18446744073709551615. கோப்புகளின் எண்ணிக்கை 0 ஆக இருக்கும்போது நிரல் தவறுதலாக ஒன்றைக் கழித்தால் திரையில் முளைப்பது இதுதான். இந்த எண்ணைக் கண்டால் "எங்கோ −1 வந்திருக்கிறது" என்று சந்தேகிப்பது பெரும்பாலும் சரியாக இருக்கும்.

2. மிகைவழிதல். எதிர்க்குறியை அனுமதித்தால் உச்சவரம்பு பாதியாகி 9223372036854775807 ஆகிவிடும். அதற்கு மேல் போனால் கூட்டுத்தொகை எதிர்மறையாகத் திரும்பும். 2010 ஆகஸ்ட் 15-ல் பிட்காயின் என்ற மின்னணு நாணயத்தில் இது நடந்தது. அதன் பதிவேட்டின் 74638-ஆவது தொகுதியில் (பிளாக்) இருந்த ஒரு பரிவர்த்தனை, தலா 9,223 கோடிக்கும் மேற்பட்ட காயின்களை இரண்டு முகவரிகளுக்கு அனுப்பியது. மொத்தத்தில் உருவாகக்கூடியவையே 2.1 கோடிதான். பிட்காயின் தொகைகள் பத்துக்கோடியில் ஒரு பங்கு என்ற அலகில் முழு எண்களாக வைக்கப்படுகின்றன. அந்த அலகில் இரண்டையும் கூட்டினால் 18446744073708554078. இது 2⁶⁴-ஐவிட 9,97,538 மட்டுமே குறைவு. ஆகவே கணினியின் கணக்கில் கூட்டுத்தொகை −9,97,538 அலகு. "செலவு வரவைவிட அதிகமா?" என்ற சோதனையை எதிர்மறை எண் சுலபமாகத் தாண்டிவிட்டது. சில மணி நேரத்தில் திருத்திய மென்பொருள் வெளியாகி, அந்தத் தொகுதி செல்லாததாக்கப்பட்டது. உருவான காயின்கள் 18,446 கோடி என்ற செய்தியைப் படித்தவர்கள் அந்த இலக்கங்களை இப்போது அடையாளம் கண்டிருப்பார்கள்.

3. துல்லிய இழப்பு. ஜாவாஸ்கிரிப்ட் போன்ற மொழிகளில் சாதாரண எண்கள் மிதவைப் புள்ளி வடிவில், அதாவது முக்கிய இலக்கங்களும் இரண்டின் அடுக்கும் தனித்தனியாக, இருக்கும். அதில் எண்ணின் முக்கிய இலக்கங்களுக்கு 53 பிட்டுகள்தான். 2⁶³-க்கும் 2⁶⁴-க்கும் இடையே அந்த வடிவம் குறிக்கக்கூடிய எண்கள் 2048 இடைவெளியில்தான் நிற்கின்றன. நம் எண் அந்தப் புள்ளிகளில் ஒன்று அல்ல, ஆகவே அருகிலுள்ள 2⁶⁴-க்கு நகர்த்தப்படும். திரையில் 18446744073709552000 என்று வரும். எக்செல் 15 இலக்கங்களோடு நின்று 18446744073709500000 என்று காட்டும். இரண்டுமே தவறு, இரண்டு வெவ்வேறு விதமாகத் தவறு. இந்த எண்ணின் மேலே சொன்ன குணங்களைச் சோதிக்க விரும்புபவர் முதலில் மாட்டுவது இங்கேதான். 641-ஆல் வகுத்தால் மீதி வருகிறதே என்று திகைப்பார்கள். வகுத்தது வேறு எண்.

காரணிகளுக்கு வேலை உண்டா?

உண்டு. சீரற்ற எண்களை உற்பத்தி செய்யும் நிரல்களில் ஒரு வகையை 2003-ல் ஜார்ஜ் மார்சாலியா வெளியிட்டார். 64 பிட்டுகள் கொண்ட ஒரு நிலை, ஒவ்வொரு படியிலும் அதை இடவலமாக நகர்த்திக் கலக்குவது, அவ்வளவுதான் வேலை. எல்லாம் சுழியான நிலையை விட்டுவிட்டால் மீதமுள்ள நிலைகள் 2⁶⁴ − 1. நல்ல உற்பத்தி நிரல் இவை அத்தனையையும் ஒரு முறை தொட்டுவிட்டுத்தான் தொடங்கிய இடத்துக்குத் திரும்ப வேண்டும்.

அப்படித்தான் திரும்புகிறதா என்று எப்படிச் சோதிப்பது? ஒவ்வொரு படியாக ஓடவிட்டால், நொடிக்கு நூறு கோடி படிகள் என்றாலும் 584 ஆண்டுகள் ஆகும். காரணிகள் தெரிந்தால் எட்டு சோதனைகள் போதும். முழு எண்ணிக்கையளவு படிகள் போனால் பழைய இடம் வருகிறதா என்று ஒன்று. அந்த எண்ணிக்கையை 3, 5, 17, 257, 641, 65537, 6700417 ஒவ்வொன்றாலும் வகுத்து, அத்தனை படிகளிலேயே அவசரப்பட்டுத் திரும்பிவிடவில்லையா என்று ஏழு. இத்தனை கோடி படிகளைத் தாண்டிக் குதிக்க உதவுவது அல்-பிரூனி செய்த அதே வர்க்கப்படுத்தும் உத்தி. 641-ஐ விட்டுவிட்டால், நீளத்தில் 641-இல் ஒரு பங்கிலேயே சுற்றி முடிக்கும் ஒரு மோசமான நிரல் எல்லாச் சோதனையிலும் தேறிவிடும்.

பக்கத்து எண்கள்

நம் எண்ணிலிருந்து 58-ஐக் கழித்தால் 18446744073709551557. அது பகா எண். 64 பிட்டுகளில் அடங்கும் மிகப்பெரிய பகா எண்ணும் அதுவே.

இரண்டைக் கூட்டினால் 2⁶⁴ + 1, அடுத்த ஃபெர்மா எண். முந்தைய ஆறு ஃபெர்மா எண்களின் பெருக்கலோடு 2-ஐக் கூட்டினால் அடுத்தது கிடைக்கும் என்பது மேலே உடைத்த முறையிலிருந்தே தெரிகிறது. ஆகவே இரண்டு ஃபெர்மா எண்களுக்கு ஒரு பொதுக்காரணி இருந்தால் அது 2-ஐயும் வகுக்க வேண்டும். இரண்டுமே ஒற்றைப்படை எண்கள், ஆக அப்படி எதுவும் இருக்க முடியாது. ஒவ்வொரு ஃபெர்மா எண்ணும் புதிய பகாக் காரணிகளோடுதான் வரும். பகா எண்களுக்கு முடிவில்லை என்பதற்கு 1730-ல் கோல்ட்பாக் ஆய்லருக்கு எழுதிய நிறுவல் இதுதான்.

ஆனால் அந்தப் புதிய காரணிகள் எவை என்று இந்த வாதம் சொல்லாது. 2⁶⁴ + 1-ஐ வர்க்க வித்தியாசமாக இறக்கவும் முடியாது. கையில் இருப்பது லூக்காஸின் விதி மட்டும்: இந்த எண்ணுக்குக் காரணி 256-இன் மடங்கோடு ஒன்று கூட்டியதாக இருக்க வேண்டும். அதன்படி தேடிக்கொண்டு போனால் 1071-ஆவது மடங்கில் 274177 அகப்படும். மற்ற காரணி 67280421310721. தாமஸ் கிளாசன் 1855-லேயே ஒரு கடிதத்தில் இதைக் குறித்திருந்தார், அது வெகுகாலம் யார் கண்ணிலும் படவில்லை. 1880-ல் லாந்த்ரி தனியாகக் கண்டு வெளியிட்டார், ஆய்லர் 641-ஐப் பிடித்து 148 ஆண்டுகள் கழித்து.